பதினேழாம் குழாயின் நிறம்

எங்கள் ஆய்வகத்தில் நோயாளிகளின் ரத்தத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆரோக்கியமானவர்களின் ரத்தம்தான் கிடைக்காது. தெருவைத் தாண்டினால் புற்றுநோய் மருத்துவமனை. அங்கே ஊசிக்கு நீட்டிய கைகள் ஏராளம். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு வியாதியும் இல்லாத, ஐம்பது வயது தாண்டிய ஆம்பிளை வேண்டும் என்றால் க்ளூஜ் நகரம் முழுக்க அலைந்தாலும் ஒருவனும் அகப்பட மாட்டான். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. வேலை பார்க்கிறவர்கள் முதலில் தங்கள் ரத்தத்தைக் கொடுப்பார்கள். அது போதாதபோது வீட்டுக்காரரை இழுத்து வருவார்கள். அவரும் போதாதபோது மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன், மீன்பிடிக்கக் கூடப் போகிறவன். வந்தவருக்கு ஒரு காப்பியும் எள் தூவிய கொவ்ரிக் ரொட்டி ஒன்றும் உண்டு.

நான் கொர்னேலியா, வீட்டில் நெலி. அந்த ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷமாக டெக்னீஷியன். எத்தனையோ டாக்டர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், ஜெர்மனிக்குப் போனார்கள். குழாய்களைச் சுழற்றி, பிரித்து, உறைய வைத்துக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன். என் கைக்கும் கண்ணுக்கும் நல்ல பெயர். அந்தப் பெயர்மேல் எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே திமிர் இருந்தது. இப்போது சொல்வதற்கு என்ன.

என் கணவர் திபேரியு டிராம் ஓட்டுநர். மனஷ்தூர் பேட்டையில் கிளம்பி ஊரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு தொழிற்சாலைப் பக்கம் போகும் வண்டி. அவரை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டது நான்தான். அன்றைக்கு அடுப்படியில் குடைமிளகாய்க்குள் அரிசியும் கறியும் அடைத்துக்கொண்டிருந்தேன்.

"என் ரத்தத்த வச்சு அப்படி என்னதான் தேடப்போறீங்க?" என்றார்.

"குட்டி குட்டியா ஆர்.என்.ஏ துண்டு. இருபத்திரெண்டு எழுத்து நீளம்தான் இருக்கும். பெரிய ஆர்.என்.ஏ இருக்குல்ல, அது புரதம் செய்யறதுக்குச் செய்தி கொண்டுபோகும். இது ஒண்ணும் செய்யாது. அந்தச் செய்தியப் பிடிச்சு வாய மூடிடும்."

"தானும் வேலை செய்யாது, செய்யறவன் வாயையும் மூடும். எங்க டிப்போ மேனேஜர் மாதிரின்னு சொல்லு."

"சிரிக்காதீங்க. உடம்புல அதுவும் வேணும். ஆனா புத்துநோய் வந்த செல்லுல அதுங்க கணக்கு தாறுமாறாயிடும். எந்தச் செய்தி செல்ல அடக்கி வைக்கணுமோ அதோட வாயையே போய் மூடிடும். அப்புறம் கேக்கறதுக்கு ஆளில்லாம செல்லு பெருகும். ரத்தத்துலயும் கொஞ்சம் கசியும். ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரியுமான்னுதான் பார்க்கறோம்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே. எங்கிட்ட எதுக்கு?"

"ஒண்ணும் இல்லாததாலதான் வேணும். வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒண்ணும் இல்லாததுக்கு உங்களைத் தேடறாங்களே, சந்தோஷப்படுங்க."

மார்ச் மாதம் வந்து கொடுத்துவிட்டுப் போனார். கீழ்மாடியில் நர்ஸ் ரத்தம் எடுப்பாள், படிவத்தில் கையெழுத்து வாங்குவாள், பெயருக்குப் பதிலாக ஒரு எண்ணை ஒட்டி மேலே அனுப்புவாள். எங்கள் கைக்கு எண் மட்டும்தான் வரும். எந்த எண் யார் என்று நாங்கள் கேட்கக்கூடாது. நான் கேட்டதும் இல்லை. அவரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை. கொவ்ரிக் நமுத்துப் போயிருந்தது என்பதை மட்டும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்தம் மேலே வந்ததும் அதைச் சுழற்ற வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கிற நீர் வெளிர் மஞ்சளாக, சீமைச்சாமந்தித் தேநீர் போல இருக்க வேண்டும். ஊசி சரியாகக் குத்தாமலோ, குழாயைப் போட்டுக் குலுக்கியோ சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் அந்த நீர் இளஞ்சிவப்பாகிவிடும். உடைந்த சிவப்பணுவுக்குள் இருந்த துண்டுகளும் கலந்துவிடும்; அப்புறம் அந்த மாதிரியை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் என் பதிவேட்டில் 'நிறம்' என்று ஒரு கட்டம். பார்த்த உடனே அதில் எழுதிவிட வேண்டும். அன்றைக்கு நாற்பது குழாய்கள், சுழற்றும் எந்திரம் வேறு இரண்டு தடவை நின்றுவிட்டது. ஒரே ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். அது எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது.

நவம்பரில் இலின்கா என் மேசைக்கு வந்தாள். புள்ளிவிவரம் பார்க்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும், எதையும் இரண்டு முறை கேட்பாள். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கையில் ஒரு வரைபடம். இடது பக்கம் ஆரோக்கியமானவர்கள், எல்லாப் புள்ளிகளும் கீழே நெருக்கமாக. வலது பக்கம் கணையப் புற்று நோயாளிகள், புள்ளிகள் உயரத்தில். இடது பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தன் கூட்டத்தை விட்டு மேலே ஏறி நோயாளிகளின் உயரத்தில் நின்றது.

"அக்கா, இந்த பதினேழு. நாம பார்க்கற மூணு துண்டுமே மத்தவங்கள விட ஏழெட்டு மடங்கு இருக்கு. உங்க பதிவேட்டுல நிறக் கட்டம் காலியா இருக்கே. இளஞ்சிவப்பா இருந்ததா?"

எனக்கு அந்த வாரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் குழாய் வந்தது ஞாபகம் இருந்தது. எந்த எண் என்று ஞாபகம் இல்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய குழாய், எந்த மனுஷிக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் கட்டம் காலியாக இருக்கிறது என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. என் பதிவேட்டில் ஓட்டை கண்டுபிடிக்க இவள் யார் என்று இருந்தது.

"ஆமா. இளஞ்சிவப்புதான்," என்றேன்.

"ஞாபகம் இல்லன்னா பரவால்ல அக்கா. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டாவது குழாய் உறைபெட்டியில வச்சிருக்கோமே, எடுத்துப் பார்த்துடலாமா?"

"நான் இளஞ்சிவப்புன்னு சொல்றேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து ரத்தம் பார்க்கறவ நான். எதுக்கு இன்னொரு குழாய வீணாக்கற?"

நான் அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒன்றும் ரத்தம் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழெட்டு வயதாவது இருந்திருக்கும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் முகம் சிவந்துபோய், பேனாவைக் கேட்டு வாங்கி, தன் தாளில் பதினேழை அடித்தாள். நானும் அவள் கண்ணெதிரிலேயே பதிவேட்டை இழுத்து அந்தக் காலிக் கட்டத்தில் 'இளஞ்சிவப்பு' என்று எழுதினேன். எட்டு மாதம் கழித்து, பார்க்காமல், ஒரு நிறத்தை எழுதினேன். புள்ளி போனதும் வரைபடம் அழகாகிவிட்டது. எங்கள் ஆய்வுக் கட்டுரை வசந்தத்தில் வெளியானது. ஆய்வகத் தலைவர் புரொபசர் ப்ரெதா எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு துண்டு தின்றேன்.

அந்தக் கோடையிலேயே திபேரியுவுக்கு முதுகு வலி வந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கை சரியில்லை என்றார். முப்பது வருஷம் உட்கார்ந்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் களிம்பு தேய்த்தேன். இலையுதிர் காலத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "இப்பதான் கல்யாணத்தப்போ இருந்த மாதிரி ஆயிட்டேன்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். நான் சிரித்தேன். தினமும் கணையப் புற்றோடு வேலை செய்கிறவள், என் வீட்டு மேசையில் அது எதிரே உட்கார்ந்து சூப் குடித்தபோது பார்த்துச் சிரித்தேன். ஜனவரியில் ஒரு காலை அவர் ஜன்னல் பக்கம் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். வெளியே பனி. அந்த வெளிச்சத்தில் அவர் கண்வெள்ளை முட்டைக்கருவைப் போல மஞ்சளாக இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துண்டை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "கோட்டைப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

கணையம். கல்லீரலுக்கும் போயிருந்தது. அறுக்க முடியாது என்றார்கள்.

மருத்துவமனையில் பழைய சிகிச்சைக் காகிதங்களையெல்லாம் கேட்டார்கள். திபேரியு ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாத மனிதர். வாஷிங் மெஷின் வாங்கிய ரசீதிலிருந்து ராணுவச் சேவைச் சான்றிதழ் வரை எல்லாம் ஒரு நீலக் கோப்பில். பிப்ரவரியில் ஒரு மதியம் அதைக் கட்டிலில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கள் ஆய்வகத்தின் படிவம் இருந்தது. ரத்தம் கொடுத்தவருக்குத் தரும் நகல். மனது மாறினால் இந்த எண்ணைச் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்று மேலே எழுதியிருந்தது. எண் பதினேழு.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கீழே பார்த்தேன். 'உங்கள் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் தென்பட்டால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?' என்று ஒரு கேள்வி. இரண்டு கட்டங்கள். அவர் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்திருந்தார். அதுவும் சும்மா இல்லை, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்திருந்தார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன். உறைபெட்டியைத் திறந்து, பதினேழின் இரண்டாவது குழாயை எடுத்து, பனிக்கட்டித் தட்டில் வைத்து, கரையும்வரை பக்கத்தில் நின்றேன். இளஞ்சிவப்பாக இரு, இளஞ்சிவப்பாக இரு என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று எனக்கே தெரியாது. என் புருஷனுடைய ரத்தம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டினேன்.

மஞ்சள். தெளிந்த மஞ்சள். நிறம் அளக்கும் கருவியிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு சிவப்பணுகூட உடையவில்லை. நர்ஸ் அன்றைக்கு அருமையாக ரத்தம் எடுத்திருக்கிறாள். பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு ஞாபகம் இருந்த அந்த இளஞ்சிவப்புக் குழாய் இருபத்து நான்காம் எண். என் கையெழுத்தில், அன்றைய தேதியில், ஒழுங்காக எழுதியிருந்தது. நான் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும்.

புரொபசர் ப்ரெதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"கட்டுரைய நான் திருத்தறேன், கொர்னேலியா. அது என் பொறுப்பு. ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும். அது மஞ்சள்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் என்ன செஞ்சிருப்போம்? கூப்பிட்டுத் திரும்ப ரத்தம் எடுத்திருப்போம்."

"அதுலயும் அளவு ஏறியிருந்தா?"

"ஸ்கேனுக்கு அனுப்பியிருப்போம். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாமலே போயிருக்கலாம்."

"தெரிஞ்சும் இருக்கலாம் இல்ல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் கதவருகே போனபோது, "வீட்டுல சொல்லாதீங்க. அவருக்கு இதனால என்ன ஆகப்போகுது?" என்றார்.

எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. சொல்லாமல் இருக்க ஒரு புரொபசரின் அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு சூப் வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், தலையணையைத் தட்டிப் போட்டேன்.

ஆனால் திபேரியு சும்மா இருக்கவில்லை. அவருக்குக் காரணம் வேண்டியிருந்தது. ஓட்டுநர் இல்லையா, வண்டி தடம் புரண்டால் யார் தவறு என்று எழுதி வைக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. தேடித் தேடி அவர் தன்னையே பிடித்துவிட்டார். இளமையில் பிடித்த சிகரெட். கிறிஸ்துமஸுக்குக் குடித்த ப்ளம் சாராயம். முதுகு வலித்தபோதே டாக்டரிடம் போகாதது. வெளிநாட்டில், துரினோவில் இருக்கிற எங்கள் மகள் ஸ்மராந்தாவுக்குத் தினமும் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். "அப்பா உடம்பைப் பார்த்துக்கல கண்ணு. அம்மாவத் தனியா விட்டுட்டுப் போறேன். எல்லாம் என் தப்புதான்." நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடும்.

மே மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பால்கனியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். கீழே டிராம் திரும்புகிற வளைவு. ஒவ்வொரு வண்டியையும் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறான் என்று சொல்வார். "இவன் ப்ரேக்கைப் பிடிக்கறானா, பூனை வாலைப் பிடிக்கறானா" என்று ஒருவனைத் திட்டினார். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்தார். கையில் எலும்புதான் இருந்தது.

"நெலி, உன்னை ரொம்பப் படுத்திட்டேன். முதுகு வலின்னு சொன்னப்பவே ஒழுங்கா போய்ப் பார்த்திருந்தா..."

"நிறுத்துங்க."

"இல்ல, சொல்றேன். என்னாலதான்..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல. உங்களால இல்ல."

உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, காலிக் கட்டம், இலின்கா கேட்டது, நான் சொன்னது, கேக் தின்றது, உறைபெட்டி, மஞ்சள் நிறம். உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எதையும் விடவில்லை. இரண்டாவது குழாயைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் சொன்னேன்.

அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் அடித்த டிக்கின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். கீழே இரண்டு டிராம் போயின. யார் ஓட்டியது என்று சொல்லவில்லை.

"எத்தனை மாசம்?" என்றார்.

"நான் சொன்ன நாளிலேர்ந்து கண்ணு மஞ்சளான நாள் வரைக்கும் பதினாலு மாசம்."

"பதினாலு மாசம்," என்று திரும்பச் சொன்னார். அவர் உதடு அசைந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனை முறை வண்டியை எடுத்து, ஊரைக் குறுக்காக வெட்டிப் போய், திரும்பி வந்திருப்பார் என்று எண்ணுகிறாரோ என்னவோ. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மாதக்கணக்காகச் சுருங்கிப்போன முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

"அன்னிக்கே பார்த்திருந்தா, நான் பொழச்சிருப்பேனா?"

பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். பிழைத்திருப்பீர்கள் என்று சொல்லியிருந்தால் என்னைத் திட்டவாவது அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. இரண்டுமே நான் பார்க்காதது.

"தெரியல," என்றேன். "எனக்குத் தெரியல, திபி."

அவர் படிவத்தை முதலில் இருந்த மடிப்பிலேயே ஒழுங்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்த 'தெரியல'ங்கறத அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே, நெலி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.